பங்க்கைப் பார்த்த பிறகு காரைப் பாருங்கள்

பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம் என்ற குறிப்போடு வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டில் ஐந்து பேர்: அவர், கணவர், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார். பழைய டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டு எஸ்யூவி வாங்கப் போகிறார்கள். ஓட்டப்போவது பெரும்பாலும் இவர்தான். அலுவலகம் போய்வர தினமும் 64 கி.மீ. மாதம் ஒருமுறை 420 கி.மீ. தள்ளியிருக்கும் மாமியாரின் ஊருக்குக் குடும்பத்தோடு பயணம். கடைசிப் பகுதி மலைப்பாதை, சுமார் 800 மீட்டர் ஏற்றம். இரண்டு இரவு தங்கிவிட்டுத் திரும்புவார்கள்.

வாங்குவதற்காக இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்று, நான்கு வருடம் ஓடிய ஹூண்டாய் நெக்ஸோ; ஹைட்ரஜனில் ஓடும் ஃபியூல் செல் எஸ்யூவி. புது வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது, ஹைட்ரஜன் நிரப்ப முன்கூட்டியே பணம் கட்டிய எரிபொருள் அட்டையும் சேர்த்துத் தருவதாக விற்பவர் சொல்கிறார். இன்னொன்று, இரண்டு வருடம் ஓடிய ஐயோனிக் 5; சார்ஜ் செய்து ஓட்டும் மின்சாரக் கார், 77.4 யூனிட் பேட்டரி. ஊரில் ஹைட்ரஜன் பங்க் ஒன்று இருக்கிறது, வீட்டிலிருந்து 9 கி.மீ. நெடுஞ்சாலையில் 190ஆவது கிலோமீட்டரில் இன்னொன்று. மாமியாரின் ஊரில் பங்க் இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் சார்ஜர் கிடையாது. கேட்டால் "லோடு தாங்காது" என்கிறது குடியிருப்போர் சங்கம்.

கணவர் ஹைட்ரஜன் கட்சி. ஐந்து நிமிடத்தில் நிரம்பும், புகைக்குழாயில் தண்ணீர்தான் வரும், பேட்டரி என்றால் ஐந்து வருடத்தில் செத்துவிடும் என்கிறார். அப்பா நேரெதிர்: "குண்டு மேல பேரப்பிள்ளைங்கள உட்கார வெச்சுக் கூட்டிட்டுப் போகப் போறியா?" யாரை நம்புவது என்று கேட்கிறார் வாசகி.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி, அப்பா சொல்வதில் கால்வாசி. சுற்றி வளைக்காமல் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் நிலவரத்துக்கு அந்த நெக்ஸோ ஒத்துவராது. வண்டியில் குறை சொல்ல அதிகம் இல்லை. அமைதியாக ஓடும், உழைக்கும். குறை அதற்கு எரிபொருள் போடும் இடத்தில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் சாதாரண பிளக் பாயின்ட் ஒன்று கிடைத்தால் ஐயோனிக்கை எடுங்கள். அதுவும் கிடைக்காது என்றால் இரண்டையுமே விட்டுவிடுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு சின்ன விளக்கம். ஹைட்ரஜன் கார் எஞ்சினில் எதையும் எரிப்பதில்லை. அதுவும் மின்சாரக் கார்தான், கரண்டைத் தானே தயாரித்துக்கொள்ளும் மின்சாரக் கார். ஃபியூல் செல்களின் அடுக்கான ஸ்டாக்கில் ஒரு மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் காற்றும் வரும். பிளாட்டினப் பூச்சின் உதவியால் இரண்டும் சேர்ந்து தண்ணீராகும்போது மின்சாரம் பிறக்கிறது. நெக்ஸோவின் ஸ்டாக் 95 கிலோவாட், மோட்டார் 120 கிலோவாட். இடையில் 1.56 யூனிட் அளவுக்கு ஒரு குட்டி பேட்டரியும் உண்டு. யூனிட் என்று நான் சொல்வது உங்கள் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். அந்தக் குட்டி பேட்டரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மலைப்பாதையில் அது வேலைக்கு வரும், அல்லது வராமல் போகும்.

ஐந்து நிமிடக் கணக்கு

ஹைட்ரஜன் ஐந்து நிமிடத்தில் நிரம்பும் என்பது உண்மை. பங்க் நல்ல நிலையில் இருந்து, உங்களுக்கு முன்னால் வண்டி இல்லாதிருந்தால்.

நெக்ஸோவின் மூன்று உருளைகளிலும் சேர்த்து 156.6 லிட்டர் இடம். அதில் 6.33 கிலோ ஹைட்ரஜன் அடங்க வேண்டுமென்றால் 700 பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பது இரண்டரை பார் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பங்க்கில் அதைவிட அதிக அழுத்தத்தில் வாயுவைச் சேமித்து வைத்து, வேகமாக நிரப்பும்போது உருளை சூடாகிவிடாதிருக்க, மைனஸ் 33 முதல் மைனஸ் 40 டிகிரி வரை குளிர வைத்துத் தள்ளுவார்கள். கம்ப்ரஸர், சில்லர், அதிஅழுத்த வால்வுகள் என எல்லாமே நுணுக்கமான சாமான்கள். ஒன்று படுத்தால் பங்க் முழுக்கப் படுத்துவிடும். பெட்ரோல் பங்க்கில் ஒரு பம்ப் ரிப்பேர் என்றால் பக்கத்துப் பம்புக்குப் போவீர்கள். இங்கே பல இடங்களில் பக்கத்துப் பம்ப் என்று ஒன்று இருக்காது.

அங்கே என்னென்ன நடக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். முன்னால் இரண்டு வண்டி நிரப்பிவிட்டுப் போயிருந்தால் சேமிப்பு உருளையின் அழுத்தம் இறங்கியிருக்கும். கம்ப்ரஸர் அதை மீண்டும் ஏற்றும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையேல் அரைகுறையாக நிரம்பும். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் குளிர்ந்த நாசில் வண்டியின் வாயோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். இழுத்துப் பிடுங்கக் கூடாது, சில நிமிடம் விட்டால் தானே இளகும். நாசிலும் வண்டியும் அகச்சிவப்புக் கதிர் வழியாகப் பேசிக்கொள்வதால்தான் உருளையின் சூடும் அழுத்தமும் பங்க்குக்குத் தெரிகிறது. அந்தக் கண்ணாடியில் தூசி படிந்தாலே நிரப்புதல் முழுமையாகாமல் நின்றுவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்றை உங்கள் கடிதம் தொடவில்லை. நெடுஞ்சாலை பங்க் 700 பாரா, 350 பாரா? பேருந்து, லாரிகளுக்காக அமைத்த பங்க்குகள் பல 350 பார்தான். அந்த நாசில் உங்கள் வண்டியில் பொருந்தும், ஆனால் உருளை சுமார் 60 சதவீதத்துக்கு மேல் நிரம்பாது, ஏறக்குறைய 3.8 கிலோ.

மாமியார் ஊர்ப் பயணம், இரண்டு வண்டியிலும்

ஐந்து பேரும் பெட்டிகளுமாக நெடுஞ்சாலை வேகத்தில் போனால் நெக்ஸோ 100 கி.மீ.க்கு 1.2 கிலோ குடிக்கும் என்று வையுங்கள். விளம்பரத்தில் வரும் 666 கி.மீ. ஆய்வகச் சோதனை எண். வீட்டில் முழுக்க நிரப்பிக் கிளம்பி, 190ஆவது கிலோமீட்டரில் மறுபடி முழுக்க நிரப்புகிறீர்கள். அங்கிருந்து ஊருக்கு 230 கி.மீ., திரும்பி அதே பங்க்குக்கு 230 கி.மீ. ஆக 460 கி.மீ.க்கு 5.5 கிலோ. மலையேற்றத்துக்குக் கூடுதலாக 0.3 கிலோ. மிச்சம் அரைக் கிலோ, கிட்டத்தட்ட 40 கி.மீ. ஓடும். ஊரில் இரண்டு நாளும் கோயில், கடைத்தெரு, உறவினர் வீடு என்று சுற்றுவதெல்லாம் அந்த 40க்குள் முடிய வேண்டும்.

போகும்போது அந்த பங்க் மூடியிருந்தால் பெரிய சேதம் இல்லை, திரும்பி வீட்டுக்கு வந்துவிடலாம். வரும்போது மூடியிருந்தால்தான் வம்பு. கையில் 40 கி.மீ.க்கு வாயு, வீடு 190 கி.மீ. தூரத்தில். கேனில் வாங்கி வந்து ஊற்ற ஹைட்ரஜன் டீசல் இல்லை. லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும், பிள்ளைகளும் மாமியாரும் வேறு வண்டி பிடிக்க வேண்டும். அதே பங்க் 350 பார் என்றால் கணக்கே வேண்டாம்; 3.8 கிலோவில் 460 கி.மீ. போகாது.

இனி ஐயோனிக். அதே வேகம், அதே பாரம். 100 கி.மீ.க்கு 21.5 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். நூறு சதவீதத்தில் கிளம்பி 210 கி.மீ.யில் நிறுத்தினால் சுமார் 42 சதவீதம் இருக்கும். 80 வரை ஏற்ற, நல்ல ஃபாஸ்ட் சார்ஜரில் 10 முதல் 15 நிமிடம். இந்த வண்டியின் மின்னமைப்பு 800 வோல்ட் என்பதால், 350 கிலோவாட் சார்ஜரில் 10லிருந்து 80 சதவீதத்துக்கு 18 நிமிடம் என்பது நிறுவனம் தரும் கணக்கு. 50 கிலோவாட் சார்ஜர்தான் கிடைத்தது என்றால் அதே 42லிருந்து 80க்கு 40 நிமிடம் பிடிக்கும். மலையேற்றத்தையும் சேர்த்து, ஊர் போய்ச் சேரும்போது 15 சதவீதம் இருக்கும். மாமியாருக்கு முழங்கால் வலி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இறங்கி, நடந்து, காபி குடித்து, மறுபடி ஏறுவதற்குள் வண்டியும் தயாராகிவிடும்.

ஊரில் சாதாரணப் பிளக்கில் 230 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் மணிக்கு 2.3 யூனிட். இரண்டு இரவில் 12 மணி நேரம் வீதம் போட்டால் இழப்பு போக 48 யூனிட் ஏறும். திரும்பும்போது 75 சதவீதத்துக்கு மேல் இருக்கும். மலையிறக்கம் வேறு கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும்.

அந்த இறக்கத்தில்தான் குட்டி பேட்டரியின் கதை வருகிறது. ஆட்களோடு சேர்த்து 2,200 கிலோ எடை 800 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது ஏறக்குறைய 5 யூனிட் ஆற்றல் கைக்கு வரும். அதில் பாதிக்கு மேல் பெரிய பேட்டரி வாங்கிக்கொள்ளும். 1.56 யூனிட் பேட்டரி பாதி இறக்கத்திலேயே நிரம்பிவிடும், அதற்கப்புறம் வேகத்தைப் பிடிப்பது பெரும்பாலும் பிரேக்கின் வேலை. ஏற்றத்திலும் அப்படியே. நீண்ட ஏற்றத்தில் குட்டி பேட்டரி தீர்ந்த பிறகு ஸ்டாக் ஒன்றுதான் இழுக்கும். பெட்ரோல் எஞ்சின் தன் சூட்டில் கணிசமான பகுதியைப் புகையோடு வெளியே துப்பிவிடும். ஃபியூல் செல்லின் சூடு கிட்டத்தட்ட முழுவதும் ரேடியேட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும், அதுவும் 80 டிகிரி அளவில் இருந்துகொண்டே. வெயில் நாளில், முழுப் பாரத்தோடு, செங்குத்தான மலையில் அது திணறும்.

கடுங்குளிரில் மட்டும் தராசு மறுபக்கம் சாயும். ஃபியூல் செல்லின் வீண் சூடே காரின் உட்புறத்தைக் கதகதப்பாக்கிவிடும். பேட்டரி வண்டியோ தன் சேமிப்பிலிருந்து அதற்கும் கொடுக்க வேண்டும். 20 முதல் 30 சதவீதம் தூரம் குறையலாம். அந்த மாதங்களில் உங்கள் பயணத்துக்கு ஒரு நிறுத்தத்துக்குப் பதில் இரண்டு.

தண்ணீர் மட்டும்தானா?

குழாயில் தண்ணீர் மட்டும்தான் வரும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர். ஆனால் அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். உலகில் தயாராகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் பிரித்தெடுப்பது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ எடுத்தால் 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வெளியேறும். 100 கி.மீ.க்கு ஒரு கிலோ என்றால் ஒரு நல்ல பெட்ரோல் ஹைப்ரிட் கார் விடுவதற்கு ஏறக்குறைய சமம். வித்தியாசம், அது உங்கள் தெருவில் வராமல் ஆலையில் வருகிறது.

தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து எடுத்தால் சுத்தம்தான். ஆனால் ஒரு கிலோ பிரிக்க 50 முதல் 55 யூனிட் ஆகும், அழுத்திக் குளிர வைக்க மேலும் சில யூனிட். ஆக 100 கி.மீ. ஓட ஏறத்தாழ 60 யூனிட் செலவு. பேட்டரி வண்டி அதே தூரத்தைச் சார்ஜிங் இழப்பையும் சேர்த்து சுமார் 20 யூனிட்டில் ஓடிவிடும். இந்த மூன்று மடங்கு வித்தியாசத்தைத் தொழில்நுட்பம் கொஞ்சம் குறைக்கலாம், அழிக்க முடியாது. பிரிப்பதில் ஒரு இழப்பு, அழுத்துவதில் ஒன்று, மீண்டும் சேர்ப்பதில் ஒன்று என்று வழியெல்லாம் சிந்திக்கொண்டேதான் வர வேண்டியிருக்கிறது.

பேட்டரி சாகுமா?

ஐந்து வருடத்தில் சாகும் என்பது பழைய பயம். பெரும்பாலான நிறுவனங்கள் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வரை, 70 சதவீதக் கொள்ளளவுக்குக் குறையாது என்று வாரன்டி தருகின்றன. தினமும் 80 சதவீதத்தோடு நிறுத்தி, ஊருக்குப் போகும் முந்தைய இரவு மட்டும் 100 வரை ஏற்றினால் பேட்டரி மெதுவாகவே முதுமை அடையும். நூறு சதவீதத்தில் வெயிலில் நாள்கணக்கில் நிறுத்திவைப்பதுதான் அதற்குப் பிடிக்காதது.

உங்கள் கணவர் மறந்துவிட்ட ஒன்று: ஃபியூல் செல்லும் தேயும். பிளாட்டினத் துகள்கள் காலப்போக்கில் ஒன்றோடொன்று திரண்டு பரப்பை இழக்கும், சவ்வு மெலியும். அடிக்கடி போட்டு நிறுத்துவது அதற்குக் கெடுதல். கார்களின் ஸ்டாக்குக்கு அமெரிக்க எரிசக்தித் துறை பல ஆண்டுகளாக வைத்திருக்கும் இலக்கு 5,000 மணி நேரம், இறுதி இலக்கு 8,000. உருளைகளுக்கும் ஆயுள் உண்டு, பொதுவாக 15 ஆண்டு. எரிபொருள் மூடியின் உட்புறம் தேதி ஒட்டியிருப்பார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு நிரப்பக் கூடாது. பேட்டரி தேய்ந்தால் கொஞ்சம் குறைவாக ஓடும். உருளையின் தேதி முடிந்தால் வண்டி ஓடவே ஓடாது.

அப்பாவின் குண்டு

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். அந்த உருளை கார்பன் இழையால் சுற்றப்பட்டது. வேலை செய்யும் அழுத்தத்தைப்போல் இரண்டே கால் மடங்கு தாங்க வேண்டும் என்பது விதி. தீப்பிடித்தால் வெடிக்காதிருக்க, 110 டிகிரி அளவில் திறந்து வாயுவை ஒரே திசையில் வெளியே விடும் பாதுகாப்பு வால்வு ஒவ்வொரு உருளையிலும் இருக்கும். ஹைட்ரஜன் காற்றைவிடப் பதினான்கு மடங்கு லேசானது. திறந்த வெளியில் கசிந்தால் நொடிகளில் மேலே போய்விடும். பெட்ரோல் ஆவியைப்போல் தரையில் படர்ந்து காத்திருக்காது.

ஆனால் அவர் பயம் முழுக்க வீண் என்றும் சொல்ல மாட்டேன். காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை எந்தக் கலவையிலும் அது தீப்பிடிக்கும், அதற்கு மிகச் சின்னப் பொறி போதும். மணம் இல்லை. சமையல் வாயுவில் சேர்ப்பதுபோல் நாற்றம் சேர்க்கவும் முடியாது, கந்தகம் பிளாட்டினத்தைக் கெடுத்துவிடும். பகலில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரிவது அரிது. ஆகவே சென்சாரை நம்பித்தான் வண்டி இருக்கிறது. 2019 ஜூனில் நார்வேயில் ஆஸ்லோவுக்கு அருகே ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடித்தது. சேமிப்பு உருளையின் அடைப்பைச் சரியாக முடுக்காததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. கார் எதுவும் வெடிக்கவில்லை. ஆனால் விசாரணை நடந்தபோது அக்கம்பக்கத்து பங்க்குகளும் மூடப்பட, ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் நிறுத்திய இடத்திலேயே நின்றன.

உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது வேறொன்று. 2024ல் அமெரிக்காவில் விற்ற நெக்ஸோக்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. அதே பாதுகாப்பு வால்வில் விரிசல் விட்டு வாயு கசியலாம் என்பதுதான் காரணம். சரிசெய்யும்வரை கட்டடத்துக்குள் நிறுத்த வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது. நீங்கள் நிறுத்தப்போவது கீழ்த்தளத்தில். லேசான வாயு கூரையடியில் தங்கும். அங்கே காற்றோட்டம் இல்லாவிட்டால் "மேலே போய்விடும்" என்ற ஆறுதல் செல்லாது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்தப் பழுது சரிசெய்யப்பட்டதா என்று கேளுங்கள். கீழ்த்தளத்தில் ஹைட்ரஜன் வண்டியை நிறுத்த உங்கள் ஊர் விதியும் கட்டடக் காப்பீடும் அனுமதிக்கின்றனவா என்று எழுத்தில் வாங்குங்கள்.

பேட்டரி வண்டி தீப்பிடிப்பது பெட்ரோல் வண்டி பிடிப்பதைவிட அரிது. பிடித்தால் அணைப்பது கடினம், அணைந்தபின் மறுபடி மூளும். அடியில் பலமாக இடித்திருந்தால், வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் உள்ளே நிறுத்தாதீர்கள்.

எரிபொருள் அட்டை

இதில் கவனம். அட்டை பணக் கணக்கிலா, கிலோக் கணக்கிலா? முதல் உரிமையாளருக்கு மட்டுமா, உங்கள் பெயருக்கு மாறுமா? கலிபோர்னியாவில் புது ஹைட்ரஜன் கார் வாங்கியவர்களுக்கு 15,000 டாலர் வரை அட்டை கொடுத்தார்கள். அங்கே 13, 16 டாலர் என்று இருந்த ஒரு கிலோ 2023, 2024 வாக்கில் பல பங்க்குகளில் 36 டாலரானது. அதே அட்டை பாதிக்கும் குறைவான தூரத்துக்குச் சுருங்கிவிட்டது. 2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம் அங்கே தன் கார் ஹைட்ரஜன் பங்க்குகளை மொத்தமாக மூடியது. ஜெர்மனியிலும் கார்களுக்கான பங்க்குகளைக் குறைத்து லாரிகளுக்கானவற்றில் கவனம் செலுத்துகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு விலைக்கு அந்த நெக்ஸோ கிடைப்பதன் காரணம் இதுதான். நீங்கள் விற்கப் போகும்போதும் இதே காரணம் இருக்கும்.

ஒரு சின்னத் தகவல். ஹோண்டா 2024ல் கொண்டுவந்த சிஆர்-வி ஃபியூல் செல் வண்டியில் 17.7 யூனிட் பேட்டரியும் சார்ஜ் பிளக்கும் வைத்தார்கள். 4.3 கிலோ ஹைட்ரஜன், அதோடு வீட்டுச் சார்ஜில் 47 கி.மீ. ஹைட்ரஜன் கார் செய்கிறவர்களே பிளக்கின் அருமையை ஒப்புக்கொண்ட மாதிரி. குறைந்த இடங்களில் குத்தகைக்குத்தான் கொடுத்தார்கள் என்பதால் உங்கள் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை.

சங்கத்திடம் எப்படிக் கேட்பது

"சார்ஜர் வேண்டும்" என்று கேட்டிருப்பீர்கள். கேட்டவர்கள் மனதில் பெரிய இயந்திரம் வந்திருக்கும். உங்கள் தேவை அவ்வளவு இல்லை. தினம் 64 கி.மீ.க்கு இழப்போடு 13 யூனிட். 10 ஆம்பியர் பிளக்கில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. 2.3 கிலோவாட் என்பது ஒரு கீசர் இழுக்கும் அளவு. அதுவும் எல்லோரும் தூங்கும் இரவு 11 மணிக்கு மேல். கடிதத்தில் இந்த எண்களைப் போடுங்கள். உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே தனி லைன், தனி எம்சிபி, 30 மில்லிஆம்பியர் கசிவு முறிப்பான், நல்ல எர்த்திங்; தூரம் அதிகம் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. செலவு உங்களுடையது என்றும், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் சான்று தருவதாகவும் எழுதுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் போடவே கூடாது. இதில் தீப்பிடிப்பது பெரும்பாலும் வண்டியால் வருவதில்லை. தளர்ந்த திருகும் மலிவான சாக்கெட்டும் ஆறு மணி நேரம் சூடேறி உருகுவதால் வருகிறது. முதல் நாள் ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஐயோனிக்கை எடுக்குமுன் மூன்று விஷயம் பாருங்கள். சர்வீஸ் சென்டரில் பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கை கேளுங்கள். இரண்டு வருட வண்டியில் 95 சதவீதத்துக்கு மேல் இருப்பது இயல்பு, 90க்குக் கீழே என்றால் காரணம் கேளுங்கள். இந்த வகை வண்டிகளில் சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் ஐசிசியு என்ற பாகம் பழுதாகி, 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஏறாமல் வண்டி நின்றுபோவது தெரிந்த குறை. அதைச் சரிசெய்ய நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைக்கும் ரீகால் 2024ல் வந்தது. செய்தாயிற்றா என்று சேசிஸ் எண்ணை வைத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் சார்ஜருக்குப் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும் வசதி இந்த வண்டியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாவிட்டால் 18 நிமிடம் 40 நிமிடமாகும்.

இவ்வளவுக்கும் பிறகு கணவர் ஹைட்ரஜனில்தான் நிற்கிறார் என்றால், வாங்குவதற்கு முன் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். இரண்டு பங்க்குகளின் நிலவரத்தையும் பங்க் செயலியில் காலையும் மாலையும் பார்த்து நோட்டில் குறிக்கட்டும்: திறந்திருக்கிறதா, அழுத்தம் எவ்வளவு, வரிசை எத்தனை. 60 குறிப்புகளில் நெடுஞ்சாலை பங்க் மூன்று தடவைக்கு மேல் மூடியிருந்தால், வருடத்துக்கு 12 பயணம் என்ற உங்கள் கணக்கில் ஒரு பயணமாவது லாரியில் முடிய வாய்ப்பு உண்டு. வண்டியைப் பொறுத்தவரை உருளையின் தேதி, ரீகால், ஸ்டாக்கின் குளிர்விப்பு நீருக்கான அயனி வடிகட்டியும் காற்று வடிகட்டியும் மாற்றிய பதிவு ஆகியவற்றைப் பாருங்கள். அந்தக் குளிர்விப்பு நீர் கரண்டைக் கடத்தாத தனி வகை. சாதாரணக் கூலன்ட் ஊற்றியிருந்தால் வண்டியைத் தொடாதீர்கள். அதை ரிப்பேர் செய்யத் தெரிந்த சர்வீஸ் சென்டர் எத்தனை கி.மீ. தூரத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கம் கடைசிவரை மறுத்து, அலுவலகத்திலும் பிளக் இல்லை என்றால், ஃபாஸ்ட் சார்ஜரை மட்டுமே நம்பி ஐயோனிக் எடுக்கச் சொல்ல மாட்டேன். வாரம் இரண்டு முறை வேலை முடிந்த களைப்பில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், யூனிட் விலையும் வீட்டுக் கட்டணத்தைவிடப் பல இடங்களில் அதிகம். அந்த நிலையில் பிளக் தேவைப்படாத சாதாரண ஹைப்ரிட் எஸ்யூவி ஒன்றை இரண்டு மூன்று வருடத்துக்குக் குத்தகைக்கு எடுங்கள். சங்கத் தேர்தல் அதற்குள் ஒருமுறையாவது வரும்.